கல்லின் பின்பக்கத்துப் பெயர்

எந்தக் கல் சுவரைப் பார்த்தாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பது என் கை செய்கிற வேலை. அதற்கு நான் பொறுப்பல்ல. 'டக்'கென்று கெட்டியாகக் கேட்டால் பின்னால் கலவை நிறைந்திருக்கிறது. 'டொக்'கென்றால் பொள்ளல். முப்பது வருஷமாக வளைகுடாவில் கட்டடங்களுக்குக் கல் பதிக்கும் தொழிலில் இருப்பவனுக்கு மிஞ்சியவை சர்க்கரை, முழங்கால் வலி, இந்தத் தட்டு. பல் டாக்டரின் வரவேற்பறையில் தட்டி, அங்கிருந்த பெண் பயந்து எழுந்ததும் உண்டு.

போன மாதம் வாஷிங்டனில், வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கர்களுக்கான நினைவுச் சுவரையும் தட்டிவிட்டேன்.

"அப்பா! இது மெமோரியல்ப்பா. என்ன பண்றீங்க?" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அமெரிக்காவில் படிக்கிறாள். பர் துபாயில் பிறந்து வளர்ந்தவளுக்கு என்னைத் திட்டும்போது மட்டும் கலப்பில்லாத தமிழ் வந்துவிடும். என் மனைவி இந்த வம்பே வேண்டாமென்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள்.

கறுப்புக் கருங்கல். கண்ணாடி மாதிரி பாலிஷ். இறந்தவர்களின் பெயர்களுக்கு நடுவே பார்க்கிறவனின் முகம் தெரிகிறது. என் முகம் தெரிந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மகள் போனில் படித்துச் சொன்னாள்: கல் நம் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போனதாம். வடிவமைத்தவள் அப்போது கல்லூரி மாணவி. கட்டுகிற காலத்தில் இது நினைவிடமா, தரையில் வெட்டிய காயமா என்று பலர் கொதித்தார்களாம். ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேல் பெயர்கள். அகர வரிசையும் கிடையாது, பதவி வரிசையும் கிடையாது. செத்த நாள் வரிசை. ஒரே நாளில் செத்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். இறந்தது உறுதியானால் பெயரருகே ஒரு சாய்சதுரம், காணாமல் போனவருக்குச் சிலுவைபோல ஒரு குறி. எலும்பு கிடைத்துவிட்டால் அந்தச் சிலுவைமேலேயே சாய்சதுரத்தைச் செதுக்குவார்களாம். செதுக்கியதன்மேல் மறுபடி செதுக்குவது எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா? உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும்.

அந்த யோசனையில் இருந்தபோதுதான் தொப்பி போட்ட ஒரு கிழவர் என்னை நோக்கி நேராக வந்தார். செத்தேன், தட்டியதைப் பார்த்துவிட்டார், விசாவை ரத்து செய்து அனுப்பப்போகிறார் என்று மகளின் பின்னால் ஒதுங்கினேன். உண்மையில் அவர் அங்கே உதவிக்கு நிற்கும் தன்னார்வலர். கையில் நீளமான காகிதத் துண்டுகளும் பென்சிலும். பெயர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து காகிதத்தில் ஏறிவிடும். சொந்தக்காரர்கள் அப்படி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

"யாரையாவது தேடுகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் பதற்றத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. வியர்வை வருவதற்கு முன்னால் பொய் வந்துவிடும். விமான நிலையத்தில் அதிகாரி சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்றதும், பெட்டியில் இரண்டு கிலோ ஊறுகாயை வைத்துக்கொண்டு, எனக்கு ஊறுகாயே பிடிக்காது என்று சொன்னவன் நான். அவர் ஊறுகாயைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"ஆமாம்" என்றேன் கிழவரிடம்.

"பெயர்?"

"கோவிந்தசாமி."

வாயிலிருந்து அது வந்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷமாக நான் உச்சரிக்காத பெயர். கிழவர் சிரிக்கவில்லை. தடித்த பெயர்ப் புத்தகத்தைத் திறந்து எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டு, விரலை ஓட்டி ஓட்டித் தேடினார். "இல்லையே" என்றார் வருத்தத்தோடு. "விட்டுப்போன பெயர்களைப் பிற்பாடு சேர்த்ததும் உண்டு. உங்களிடம் சான்றாக ஏதாவது தாள் இருந்தால் எழுதிப் போடுங்கள்." அவர் அந்தப் போருக்குப் போய்த் திரும்பியவராம். நன்றி சொல்லிவிட்டு ஓடாத குறையாக நடந்தேன்.

"யாருப்பா கோவிந்தசாமி?"

"பழைய ஃப்ரெண்டு" என்றேன். ஐந்து நிமிஷத்தில் இரண்டாவது பொய்.

கோவிந்தசாமி அண்ணன் எனக்கு நண்பர் இல்லை. எனக்குக் கீழே வேலை பார்த்தவர். எனக்கு இருபத்து நாலு வயது, அல் ஐன் நகரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் நுழைவுக்கூடம், நான் சூப்பர்வைசர். கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது கனமாக இருக்கும் என்பது மட்டும். இங்கிலீஷ் பேசுவேன் என்பதற்காகக் கொடுத்த பதவி. கல் பதிப்பவர்கள் ஐந்து பேர். அவர்களில் மூத்தவர் கோவிந்தசாமி, அரியலூர்ப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் ஒரே தம்பி, மாணிக்கம். அவனுக்குத் தையல் கற்றுக்கொடுத்து பஹ்ரைனுக்கு அனுப்பிவைத்தவர்.

ஒவ்வொரு கல் பலகையின் பின்பக்கத்திலும் மெழுகுக் கட்டியால் நம்பர் எழுதுவது வழக்கம். எது எங்கே போகவேண்டும் என்பதற்கு. கோவிந்தசாமி நம்பருக்குக் கீழே தன் பெயரையும் தமிழில் எழுதுவார். நிதானமாக, சுழி சுழித்து. பிறகு கலவை பூசிச் சுவரில் ஏற்றுவார். அதோடு அந்த எழுத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

"ஏண்ணே டைம வேஸ்ட் பண்றீங்க? யாரு பாக்கப்போறா?"

"பாக்கறதுக்கா எளுதுறன்? ஊர்ல ரேசன் கார்டு தவுத்து எம்பேரு எங்கியும் கெடையாது தம்பி. இங்க பாரு, சொவரு பூராவும் நாந்தான். முன்பக்கம் அரபிக்கு, பின்பக்கம் நமக்கு."

மற்றவர்கள் சிரிப்பார்கள். "அண்ணன் பேருக்கு பில்டிங்க எளுதி வாங்கிட்டாரு டோய்!"

அண்ணனிடம் வேகம் கிடையாது. கலவைக்குப் பின் கம்பி, கம்பிக்குப் பின் கல் சாயாமல் தாங்க மரமுட்டு, முட்டுக் கொடுத்தால் மறுநாள் மதியம் வரை தொடவிடமாட்டார். கூடத்தின் மேல்வரிசையை ஏற்றிய மறுநாள் காலைதான் ஆலோசகர் கம்பெனியின் எகிப்து எஞ்சினியர் பார்வையிட வருவதாகச் சொல்லி அனுப்பினார். மதியம் வரவேண்டியவர் பத்து மணிக்கே வருகிறார். கூடம் முழுக்க முட்டுகள், சவுக்குத் தோப்பு மாதிரி. வேலை முடியவில்லை என்று எழுதிவிடுவார், என்னைக் கப்பலேற்றிவிடுவார்கள், ஊரில் நிச்சயம் செய்த பெண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று ஒன்பதே காலுக்குள் என் கற்பனை எங்கெங்கோ போய்விட்டது.

"யல்லா, யல்லா! முட்டெல்லாம் கழட்டுங்க!"

"மேவரிச இன்னும் புடிக்கல தம்பி" என்றார் கோவிந்தசாமி.

"அண்ணே, நான் சொல்றேன்ல. கழட்டுங்க."

என்னை ஒரு தரம் பார்த்தார். மற்ற நாலு பேரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே போய்க் கழற்றினார். ஏழாவது முட்டு. மேல்வரிசைக் கல் அவர்மேலேயே இறங்கியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. எழுதிப் பார்த்து மூன்று முறை அடித்துவிட்டேன்.

எஞ்சினியர் பத்து மணிக்கு வந்தபோது போலீஸும் இருந்தது. விபத்து அறிக்கையில், 'தொழிலாளி தானாகவே அவசரப்பட்டு முட்டுகளை நீக்கினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார்கள். வியர்ப்பதற்கு முன் வந்துவிட்டது. அந்த நாலு பேரும் அதன் பிறகு என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அறிக்கையைப் பற்றியும் வெளியே பேசவில்லை. பேசினால் அவர்கள் விசா என்னவாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து மாணிக்கம் பஹ்ரைனிலிருந்து வந்தான். ஒல்லியாக, கழுத்திலிருந்த தையல்காரர்களின் அளவு டேப்பைக் கழற்ற மறந்தே விமானம் ஏறியிருந்தான். இடத்தைப் பார்க்கவேண்டும் என்றான். காட்டினேன். புதுக் கல் ஏற்றி, முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

"எப்பிடிங்க சார் நடந்துச்சு?"

சொல்லியிருக்கலாம். கூடத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. "அவசரப்பட்டுட்டாருப்பா. காயறதுக்குள்ள முட்டக் கழட்டிட்டாரு" என்றேன்.

மரமுட்டுகளில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். "எங்கண்ணன் டீயக்கூட ஆற வச்சிக் குடிக்கிற ஆளு சார்" என்றான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவன் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

வாஷிங்டனில் மறுநாள் மகள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனாள். பார்வையாளர் மண்டபத்தில் ஒரு மணற்கல்லை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பழைய கட்டடத்திலிருந்து பெயர்த்தது, அடிமைகள் வெட்டியெடுத்தது. உளித் தடம் அப்படியே இருக்கிறது. சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கான வீட்டை அடிமைகளை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கூலி அவர்களுடைய எஜமானர்களுக்குப் போனதாம். இதையும் எங்களையும் ஒப்பிடுவது தப்பு. நாங்கள் கடன் வாங்கி, டிக்கெட் எடுத்து, மாலை போட்டுக்கொண்டு போனவர்கள். ஆனாலும் உளித் தடத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. அவசரமில்லாத கை. ஒரே சாய்வு, ஒரே ஆழம். தட்டிப் பார்க்கக் கை எழவில்லை. அங்கேயே நின்று மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேலி கலக்காமல் நான் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"நேத்து அந்தச் சுவர்ல ஒண்ணு கவனிச்சேன்மா. செத்தவங்க பேர்தான் இருக்கு. போங்கடான்னு அனுப்பிச்சவங்க பேரு ஒண்ணுகூட இல்ல. எனக்கு அது வசதியா இருந்துச்சு."

அவள் என் தோளில் கை வைக்கவில்லை. "அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டீங்களாப்பா?" என்றாள். "சொல்லணும்ப்பா. அவர் இன்னும் அதையே நம்பிட்டிருப்பார்ல?"

திரும்பி வந்ததும் முதலில் அல் ஐனுக்குப் போனேன். கட்டடம் இருக்கிறது. கூடத்துக் கல்லை முழுக்கப் பெயர்த்துவிட்டுக் கண்ணாடியும் வெள்ளைப் பலகையும் போட்டிருக்கிறார்கள். பெயர்த்ததெல்லாம் எங்கே என்று காவலாளியிடம் கேட்டேன். "மாஃபி மாலூம், பாய்" என்றார், தெரியாது என்று. உடைத்து எங்காவது சாலைக்கடியில் கொட்டியிருப்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஹ்ரைன். மனாமாவில் குதைபியா பகுதி. மாணிக்கத்தின் கடை அங்கேதான் என்று அவன் அன்று சொன்னது ஞாபகமிருந்தது. நாலு சந்து சுற்றினேன். சொல்லவேண்டியதை விமானத்திலேயே பாடம் செய்திருந்தேன், பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மாதிரி. சந்தில் ஒருவர் அடையாளம் சொன்ன இடத்தில் செல்போன் உறை விற்கும் கடை. எதிரே ஜூஸ் கடை வைத்திருந்த மலையாளியிடம் விசாரித்தேன்.

"மாணிக்கம் டெய்லரோ? மூணு வருஷம் முன்னே நாட்டுக்குப் போயி. போன வருஷம் மரிச்சு, சேட்டா. நல்ல மனுஷன். பட்சே சொன்ன தேதிக்கு ஒரு சட்டை தராது."

"ஏன்?"

"சீக்கிரம் குடுன்னு சொன்னா கத்திரிய கீழ வெச்சிடும். 'அவசரப்பட்டுத்தான் எங்கண்ணன் அல் ஐன்ல செத்தான், நான் அவசரப்படமாட்டேன்'னு சொல்லும். இந்தத் தெருவுல அது எல்லாருக்கும் தெரியும். என் மோன் வண்டிய வேகமா எடுத்தா நான்கூடச் சொல்வேன், டேய், டெய்லரோட அண்ணன் மாதிரி போகாதேன்னு."

"அவரு அவசரப்படல" என்றேன். "அவர அவசரப்படுத்துனது நான். காயலன்னு அவரு சொன்னாரு. நாந்தான் கழட்டச் சொன்னேன்."

அவர் மிக்சியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"இதை இப்ப யாரோட சொல்றது, சேட்டா?"

எதிர்க்கடையில், மாணிக்கத்தின் மெஷின் இருந்திருக்கவேண்டிய இடத்தில், சரம் சரமாகச் செல்போன் உறைகள் தொங்கிக்கொண்டிருந்தன.