மெர்டேக்காவின்போது நான் ஊரில் இல்லை

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மலாயாவுக்குச் சுதந்திரம் என்று மலாக்காத் திடலில் அறிவித்த அன்று நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒலிபெருக்கியில் வந்ததில் பாதி காற்றோடு போனது. ஆனாலும் எல்லோரும் "மெர்டேக்கா", விடுதலை, என்று மலாயில் கத்தியபோது நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணன், "அடுத்த வருஷம் வெள்ளனே கெளம்பி வந்து முன்னுக்கே நிக்கணும், சொல்லிட்டேன்" என்றார். அண்ணனுக்கு ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் வேலை. மலாக்காவிலேயே காஜா பெராங்கில் அவர் வீட்டின் முன்னறையில்தான் நானும் என் கணவரும் குடியிருந்தோம்.

கணவர் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கண்டக்டராக இருந்தார். பால்மரக் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுவதில் அவர் கை ராசியான கை என்று பேர். அந்த வாரமே ஒரு நாள் சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூடப் பொறுமையில்லாமல் உள்ளே வந்தார்.

"துரை கோஸ்டா ரிக்காவுக்குப் போறாரு. புதுத் தோட்டம் போடுறாங்களாம். ஒட்டுக் கட்டிக் காட்ட ஆள் வேணும்னு என்னைக் கூப்பிடுறாரு. உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"அது எங்க இருக்கு?"

"அமெரிக்காவுக்கு நடுவுல."

அண்ணன் காதில் அமெரிக்கா என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. மறுநாளே பக்கத்துத் தெங்கேராவரை செய்தி போய்விட்டது. துணி தைக்கக் கொடுத்த கடையில்கூட, "உங்களுக்கென்ன, அமெரிக்காவுக்குப் போறீங்க" என்றார்கள். வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை, இடையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன நாடு என்று யாரிடம் விளக்குவது? நான் கேட்டது ஒன்றே ஒன்று. "மெர்டேக்காவுக்குள்ள வந்துடுவோமா?"

"ஒரு வருஷம்தான். அதுக்கு முன்னாடியே வந்துடலாம்" என்றார்.

கணவருடைய பாஸ்போர்ட்டிலேயே என் பெயரை எழுதி, அவர் படத்துக்குப் பக்கத்தில் என் படத்தையும் ஒட்டிக் கொடுத்தார்கள். அப்போது அப்படித்தான் வழக்கம். எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

சிங்கப்பூரில் கப்பல் ஏறி, லண்டனில் இறங்கி, குளிரில் நடுங்கி, மறுபடி ஏறி, ஒரு வழியாக லிமோன் என்ற துறைமுகத்தில் போய் இறங்கினோம். அங்கிருந்து வாழைக்குலை ஏற்றும் ரயிலில் உள்ளே போனோம். கடைசியில் வந்து நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கால்நட்டுத் தூக்கிக் கட்டிய பலகை வீடு. தகரக் கூரை. நாள் முழுக்க மழை. வீட்டைச் சுற்றி வரிசை வரிசையாக ரப்பர் கன்றுகள். இத்தனை கடல் தாண்டி வந்து மறுபடியும் பால்மரத்தடியில் நிற்பதற்கு நான் மலாக்காவிலேயே இருந்திருக்கலாம். அங்கே அண்ணி இருந்தார், கோயில் இருந்தது, கறிவேப்பிலை இருந்தது.

அங்கே எங்களை எல்லோரும் "இந்து" என்றார்கள். மதத்தைச் சொல்லவில்லை, இந்தியாக்காரன் எவனாக இருந்தாலும் அவர்களுடைய ஸ்பானிஷில் அதுதான் பெயர். நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. "மலாயா, மலாயா" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது: அவர்கள் மொழியில் "மலா" என்றால் கெட்டவள். கடைக்குப் போகும்போதெல்லாம் நான் கெட்டவள், கெட்டவள் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த ஊர் என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை.

புளிக்கு மட்டும் கஷ்டம் இல்லை. அதை அவர்கள் சர்க்கரை போட்டுக் கரைத்துக் குடித்தார்கள். நான் அதில் ரசம் வைத்தேன். மிளகு கிடைத்தது, சீரகம் லிமோனிலிருந்து வந்தது. ஆனால் எதைச் செய்தாலும் ஒன்று குறைந்தது. கணவர் எதையும் கவனிக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

முதல் மாதம் ரயில் நிறுத்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். கறுத்த, களையான முகம்; எண்ணெய் தேய்த்து வாரிய நீண்ட சடை. எங்கள் சொந்தத்தில் ஒருத்தியைப் போலவே இருந்தாள். ஓடிப்போய், "அக்கா, நீங்க எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டேன். அவள் திகைத்துப் போய்ப் பார்த்தாள். பிறகு இழுத்து இழுத்துப் பேசும் ஓர் இங்கிலீஷில் பதில் சொன்னாள். அவளுடைய முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்கென்று கப்பலில் ஜமைக்காவுக்கு வந்தவர்கள். அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்துவிட்டார்களாம். எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தமிழில் ஒரு சொல்லும் தெரியவில்லை.

வீட்டில் வந்து சொன்னபோது கணவர் ரொம்ப ஏமாந்து போனார். எனக்கு அது அவ்வளவு புதிதில்லை. காஜா பெராங்கில் எங்கள் தெருவுக்குப் பின்னால், பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறியிருந்த செட்டிகள் சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள், பொங்கல் வைப்பார்கள், ஆனால் பேசுவதெல்லாம் மலாய். அவர்களோடு மலாயில் பழகியதுபோல இவளோடு கான்வென்ட் இங்கிலீஷில் பழகினேன். அவள் கணவன் ரயில் பாதையில் வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய்ப்பாலில் சோறு வடித்து எனக்கும் ஒரு தட்டு கொண்டுவருவாள். வாசனை அச்சாக எங்கள் ஊர் நாசி லெமாக் சோறு. ஆசையாகத் தட்டைத் திறந்தால் காரமான மிளகாய்ச் சம்பல் இருக்கும் இடத்தில் சிவப்பு அவரை கலந்து கிடக்கும். அவள் நல்ல மனதோடு கொண்டுவந்தது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

வருஷம் முடிந்தது. நான் பெட்டியை இறக்கித் துடைத்து, சேலைகளை அடுக்க ஆரம்பித்தேன். கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப எதுக்கு அடுக்குற?"

"கப்பல் எப்பன்னு துரைகிட்ட கேட்டீங்களா?"

"இல்ல... இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்னு சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு."

நான் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தேன். "என்னக் கேட்டீங்களா?"

"ஒட்டு இப்பத்தான் புடிச்சிருக்கு. பாதியில விட்டுட்டு வர முடியுமா? கன்னு எல்லாம் எப்படி நிக்குது, வந்து பாரு."

"நான் கன்னப் பத்தியா கேட்டேன்?"

அவர் காலணியை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். சண்டை போட வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு லிமோனுக்குப் போனேன். கப்பல் ஆபீசில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்கள் கணவருடையது. அவர் இல்லாமல் நீங்கள் இதில் பயணம் செய்ய முடியாது" என்றார். பிரிட்டிஷ் பிரஜைகளின் காகித வேலைகளை அந்த ஊரில் ஒரு வாழைப்பழ வியாபாரி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனோம். மரியாதையாக உட்காரவைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்தார். தனிப் பாஸ்போர்ட் வேண்டுமென்றால் கணவரின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம்.

"அது கிடைக்காவிட்டால்?"

"ஆகஸ்டில் உங்கள் நாடு தனி நாடாகிவிடுகிறது. அதற்குப் பிறகு உங்கள் நாட்டு அலுவலகத்தில் கேட்கலாம்."

"அந்த அலுவலகம் இங்கே எங்கே இருக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இங்கே இருக்காது" என்றார்.

திரும்பும் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் மடியில் ஓர் ஆரஞ்சை உரித்து வைத்தாள். அதை நான் தின்னவில்லை.

கணவரிடம் கையெழுத்துக் கேட்டேன். முடியாது என்று அவர் சொல்லவே இல்லை. "பாக்கலாம்" என்றார். "தனியா வந்தா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார். "மழை விடட்டும்" என்றார். அந்த ஊரில் மழை விட்டதாகச் சரித்திரமே கிடையாது. மாதங்கள் அப்படியே ஓடின. அண்ணனிடமிருந்து கடிதம் வந்தால் தோரணம் கட்டப் போகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் பாட்டுப் பழகுகிறார்கள் என்று இருக்கும். படித்துவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

ஆகஸ்டும் வந்தது. மலாயாவில் நள்ளிரவு என்றால் எங்களுக்கு அதற்கு முந்தைய காலைதான். அந்தக் காலையில் நான் படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இந்நேரம் கொடி ஏறியிருக்கும், இந்நேரம் அண்ணன் கத்திக்கொண்டிருப்பார் என்று மனம் ஓடியது. பக்கத்து வீட்டில் இருந்த அந்த நாட்டுக்காரி ஒருத்தி வந்தாள்.

"இப்போதுதான் எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது" என்று எனக்கு வந்த அளவு ஸ்பானிஷில் அவளிடம் சொன்னேன்.

அவள் என்னையும் முறத்தையும் பார்த்தாள். "அப்படியானால் நீ இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் மறுபடி கல் பொறுக்கக் குனிந்தேன்.

மறுநாள் சாயங்காலம் சோறு பிசைந்துகொண்டே கணவர், "இன்னைக்குத்தானே மெர்டேக்கா?" என்றார். நேற்றே முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு நேரே துரையின் பங்களாவுக்கு நடந்தேன். கூப்பிடாமல் அந்தப் படி ஏறியது அதுதான் முதல் தடவை.

துரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷில் சொன்னேன்: "நான் வீட்டுக்குப் போக வேண்டும். என் கணவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறார். அவர் உங்களுக்கு ஒரு வருஷத்தைக் கொடுத்திருக்கிறார். அது அவருடைய வருஷம். என்னுடையதை நான் கொடுக்கவில்லை."

துரைக்கு முகம் சிவந்தது. ஆள் அனுப்பிக் கணவரை வரவழைத்து, என் எதிரிலேயே, "உன் மனைவியை ஏன் இப்படிப் பிடித்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். மறு வருஷமும் இரு என்று கேட்டதே அவர்தான். அதை மறந்துவிட்டவர்போலப் பேசினார். கணவர் தலை குனிந்து, "எஸ் சார்" என்றார். அந்த "எஸ் சார்" எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் கெஞ்சியபோது அசையாத கை, துரை ஒரு வார்த்தை சொன்னதும் கையெழுத்துப் போட்டது. ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்படக்கூட முடியாமல் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தேன்.

வருஷக் கடைசியில் என் பெயர் மட்டும் இருந்த பாஸ்போர்ட்டோடு கப்பல் ஏறினேன். லிமோனில் வழியனுப்ப அந்தப் பெண் வந்தாள். கணவரும் வந்தார். "உடம்பப் பாத்துக்க" என்றார். "நீங்களும்" என்றேன்.

காஜா பெராங் வந்து சேர்ந்தபோது தோரணங்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். சில கடைகளில் மட்டும் நிறம் வெளுத்த கொடிகள் தொங்கின. வீட்டில் எல்லோருக்கும் அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஒன்று இருந்தது. அண்ணன் தொண்டை போனதைச் சொன்னார். அண்ணி கூட்டத்தில் செருப்பைத் தொலைத்த கதையை எத்தனையோ முறை சொல்லிவிட்டார். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "நீதான் அமெரிக்காவுல இருந்தியே" என்று முடித்துவிடுவார்கள்.

"அங்க வீட்டுக்கு வீடு கார் இருக்குமாமே?" என்றார் அண்ணி.

"எங்க வீட்டுக்கு முன்னால சேறுதான் இருந்துச்சு அண்ணி."

"சும்மா சொல்லாத. கண்ணு வச்சிடுவோம்னு பயமா?"

மெர்டேக்காவின் முதல் ஆண்டு நிறைவுக்கு ஊர்வலம் பார்க்கப் போனேன். முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் வாடி நின்றார்கள். அலங்கார லாரி ஒன்று வழியில் பழுதாகி நின்றது. யாரோ என் காலை மிதித்தார்கள். தவறவிட்டதில் கொஞ்சமாவது கிடைக்கும் என்று போனவள், வேறு யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்துவிட்டவள்போல நின்றேன். பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்துக் கணவர் வந்தார். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. முன்னறையில் பெட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாட்டுக் காற்றில் ஓர் இலை நோய் உண்டு. புதுத் தளிர் வரும்போதெல்லாம் அது கருக்கிவிடும். அவர் கட்டிய ஒட்டுகளை அது ஒன்று விடாமல் பிடித்துவிட்டதாம்.

"எல எல்லாம் கொட்டிப்போச்சு" என்றார். "குச்சி குச்சியா நிக்குது. துரை தோட்டத்த மூடிட்டாரு."

கப்பலில் வந்த நாளெல்லாம், அதற்குப் பிறகும், அவரிடம் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் எந்த வரிசையில் சொல்வது என்றுகூட முடிவு செய்திருந்தேன். இப்படிக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் அதில் எதைச் சொல்வது? தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றி அவருக்கு முன்னால் வைத்தேன். எனக்குக் கோபம் தீரவில்லை. அதைக் கொட்டவும் இடம் இல்லை.

"சாப்பிடுங்க, ஆறிடும்" என்றுதான் வாயில் வந்தது.