வில்பிரட்டுக்கு ஒரு நன்றிப் பூசை

பெங்களூர் காக்ஸ் டவுனில் டீனா மிஸ்ஸைத் தெரியாதவர் யார்? மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறவர். அவர் ஒரு அதட்டல் போட்டால் தெருவில் ஹாரன் அடிக்கிற ஆட்டோக்காரர்கூட அடங்கிவிடுவார். அப்படிப்பட்ட அம்மாள் வாயடைத்துப் போனது புருஷன் வில்பிரட் இறந்த பிறகுதான்.

மழைச் சாயங்காலம் அது. டிவி பார்த்துக்கொண்டிருந்த மனிதரை, "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, போய் கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்று விரட்டினார். ஸ்கூட்டரில் போனவர் தண்ணீர் மூடிய குழியில் விழுந்தார், அவ்வளவுதான். ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கு ஒரு உயிரா! யார் என்ன ஆறுதல் சொன்னாலும், நான்தான் அனுப்பிக் கொன்றேன் என்பதே டீனாவின் கட்சி.

இந்த வருஷம் நினைவு நாள் நெருங்கிய சமயம், ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டே ஃபிசிக்ஸ் டீச்சர் நிருபமா கதை அளந்துகொண்டிருந்தாள். நம் பிரபஞ்சம் ஒன்றுதான் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாதாம். கணக்கில்லாத பிரபஞ்சங்கள் இருந்தால், அதில் எங்கேயாவது இதே பெங்களூர், இதே ஸ்டாஃப் ரூம், இதே நாமும் இருக்கலாமாம். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் வேறாக இருக்குமாம்.

டீனா கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தார். "சின்ன விஷயம்னா? கடைக்குப் போனவரு பத்திரமா திரும்பி வர்ற மாதிரியா?"

நிருபமா தடுமாறிப் போனாள். "இருக்கலாம் மிஸ். ஆனா யாரும் பார்த்ததில்ல. பார்க்க முடியுமான்னும் தெரியல."

"இருக்கலாம்னா போதும்மா."

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்று, கேபிள் ஒயர்களுக்கு மேலே தெரிந்த வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிள்ளைகளுக்கு ஆயிரம் வரை எண்ணச் சொல்லித் தருகிறவருக்கு அதற்குமேல் எண்ணவே பயமாக இருந்தது. அம்மாடி, இவ்வளவு பெரிசா! உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த இன்னொரு பெங்களூரிலும் வில்பிரட்டைக் கடைக்கு விரட்டியது ஒரு டீனாதான். வார்த்தைகூட அதேதான். ஆனால் அவள் யாரையும் கொல்லவில்லை. சொட்டச் சொட்ட நனைந்து வந்து நிற்கிற மனுஷனை, வாடிப்போன கட்டாப் பார்த்து வாங்கினீங்களா என்று இப்போதும் திட்டிக்கொண்டிருப்பாள்.

"அடிப் பாவி, விடுடி அவரை!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். டீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் கோயிலில் ஃபாதரிடம் நினைவு நாளுக்குப் பூசை கேட்டார்.

"வில்பிரட்டோட ஆன்ம இளைப்பாற்றிக்குத்தானேம்மா?"

"இல்ல ஃபாதர், இந்தத் தடவை நன்றிப் பூசை."

ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். "நன்றியா? எதுக்கும்மா?"

"எங்கேயோ ஒரு இடத்துல அன்னிக்கு அவரு வீடு வந்து சேர்ந்திருக்கலாம் ஃபாதர். அதுக்கு."