கழுவிய வண்டியில் ஒரு மான்

தேவகி மேடம் இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் செஞ்சியைக் கடந்துகொண்டிருந்த பேருந்தில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை பாதி பனியில் கரைந்திருந்தது. போனில் சொன்னவர் "கேக்குதா மேடம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டது. போனை மடியில் வைத்துவிட்டு மலையையே பார்த்தேன்.

தடய அறிவியல் பிரிவில் அவரோடு பணியாற்றி, இன்று இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவருடைய நிதானம் தெரியும். விபத்து நடந்த சாலைக்குப் போனால் முதலில் காட்டைப் பார்த்து நிற்பார். "வண்டி வந்த வழிய எல்லாரும் பாக்கறாங்க. குறுக்க வந்தது எந்த வழின்னு யாராவது பாக்கணும்ல" என்பார்.

நான் அவருக்கு உதவியாளராக இருந்தபோது, அவலூர்பேட்டை சாலையில் பைக்கில் போன ஒருவர் விழுந்து இறந்தார். அவரை மருத்துவமனைக்குத் தூக்கிப்போன வேன்காரர் மீதே பழி விழுந்தது. "மான் குறுக்க பாஞ்சுது சார், நான் பின்னாடிதான் வந்தேன்" என்றார் அவர். இறந்தவரின் தம்பி அவர் சட்டையைப் பிடித்தார். "மானு வந்துச்சாம், மயிலு வந்துச்சாம். இன்னா கத வுடற?"

நாங்கள் போவதற்குள் உறவுக்காரப் பெண்கள் பைக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, மஞ்சள் தண்ணீரால் கழுவி, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். ரத்தத்தோடு வண்டி வாசலில் நிற்கக் கூடாதாம். தடயமெல்லாம் போய்விட்டதே என்று நான் புலம்பினேன். மேடம் கோபப்படவில்லை. "எங்கெல்லாம் தேய்ச்சீங்க, காட்டும்மா" என்று கீழே உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். உடைந்த முகப்பு விளக்கருகே கை நின்றது. "கண்ணாடி குத்தும்னு அங்க மட்டும் உட்டுட்டோம்."

அந்த விரிசலில் கொஞ்சம் பழுப்பு ரோமம் சிக்கியிருந்தது.

ஆய்வகத்தில், "வா, வந்து பாரு" என்று நுண்ணோக்கியை எனக்கு விட்டு எழுந்தார். புள்ளிமான். அந்தச் சிறு வெளிச்ச வட்டத்துக்குள், பாறைகளுக்கிடையே ஏதோ ஓடி மறைவதுபோல இருந்தது. வேனில் மோதிய தடமே இல்லை. வேன்காரரை விட்டுவிட்டார்கள்.

அவர் வெளியே வந்த அன்று, இறந்தவரின் மனைவியும் காவல் நிலைய வாசலில் நின்றிருந்தாள். அவரைக் குற்றவாளி என்று நினைத்திருந்த நாள்வரை அவளால் அவரிடம் கேட்க முடியாத ஒன்று இருந்தது. தயங்கித் தயங்கி அருகில் போனாள். மேடம் வாசலருகே நின்ற எங்கள் ஜீப்பின் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார்.

"அண்ணே, கடைசியா இன்னா கேட்டாரு?"

"தண்ணி கேட்டாரும்மா. வேன்ல இருந்துச்சு, குடுத்தேன்."

"குடிச்சாரா?"

"குடிச்சாரும்மா."

மேடம் எழுதிய அறிக்கைகள் அலுவலகத்தில் இருக்கும். என்னிடம் இருப்பது, அந்த என்ஜின் நின்ற அமைதி. அதற்குள் அந்தப் பெண் மெல்ல இன்னொரு முறை கேட்கிறாள்: "குடிச்சாரா?"