புற்றின் மேல் போட்ட பலகை

அந்தப் புற்றுக்காகவே அந்த இடத்தை வாங்கினோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மலாக்காவில் புக்கிட் காத்தில் பக்கம் அப்போது ரப்பர் மரமும் புதரும்தான். ஏழு வருடம் பிள்ளையில்லாமல் இருந்தவள், வெள்ளிக்கிழமைதோறும் அங்கே புற்றம்மனுக்குப் பால் ஊற்றி அழுதேன். மகள் பிறந்தாள். அங்கேதான் குடியிருப்பேன் என்று என் வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்தேன்.

தரை போடும் நேரம் வந்தது. சீனத் தச்சர் புற்றைச் சுற்றி வந்து, காலால் தட்டிப் பார்த்து, மலாயில் சொன்னார்: இதை இடித்து மருந்து ஊற்றிவிட்டுச் சிமெண்டு போடுங்கள், இல்லையென்றால் கறையான் வீட்டையே தின்னும்.

"அவரு சொல்றது சரிதான்லா," என்றார் வீட்டுக்காரர். "இடிச்சிருவோம்."

"புள்ளயக் குடுத்த எடத்துல கடப்பாரய வைப்பீங்களா? நல்லா இருக்கு ஒங்க நியாயம்!"

என் வாய்க்கு முன்னால் அவர் நின்றதில்லை. தூண் நட்டு, இடுப்பு உயரத்தில் பலகைத் தரை போட்டோம். புற்று அடியில் அப்படியே இருந்தது. பலகையாவது செங்கால் என்ற வைர மரமாக இருக்கட்டும், கறையான் அண்டாது என்றார் தச்சர். அந்தக் கறுத்த மரம் எனக்குப் பிடிக்கவில்லை. சிவந்த மெராந்திப் பலகைதான் வேண்டும் என்றேன். புற்றுக்கு நேர் மேலே, பால் ஊற்ற ஓர் ஓட்டையும் போடச் சொன்னேன். தச்சர் என் முகத்தைப் பார்க்காமலே போட்டுக் கொடுத்தார்.

இரண்டாம் மழைக்காலத்தில் தரைக்கு அடியில் சரசரவென்று ஒரு சத்தம் தொடங்கியது. மழை நின்ற பிறகும் நிற்கவில்லை. அம்மன் பேசுகிறாள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. வீட்டுக்காரர் மட்டும் சுவர் ஓரமாகவே நடந்தார்.

"மிதிச்சா அடியில என்னமோ பொந்தா இருக்குது. புள்ளய அங்க வெளையாட விடாத."

"ஒங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்."

புற்று வளர்ந்து ஓட்டையைத் தொட்டது. ஊற்றிய பால் உள்ளே இறங்காமல் பலகையிலேயே தேங்கியது. ஆனாலும் துடைத்துவிட்டு மறுவெள்ளியும் ஊற்றினேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், நான் செம்போடு குனிந்திருந்தபோது மகள் "அம்மா" என்று ஓடி வந்தாள். மூன்று வயது. என்ன கனம் இருந்திருக்கும்? பலகை முறியக்கூட இல்லை, மாவாக உதிர்ந்தது. ஒரு கால் உள்ளே போய்க் கட்டைகளுக்கு நடுவே மாட்டித் திருகிக்கொண்டது. அவள் மேலெல்லாம் கறையான். அவள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் கடப்பாரையை எடுத்தவள் நான்தான். யாரையும் தொட விடவில்லை.

இப்போது சிமெண்டுத் தரை. மகள் எந்த அறையில் இருக்கிறாள் என்று நான் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஓர் அடி கேட்கும், அடுத்து ஓர் இழுப்பு கேட்கும்.