ஆறாவது நாசில்

பௌர்ணமியன்று பகல் ஒரு மணிக்கு மாறனிடமிருந்து போன் வந்தபோது, தர்மவதி பட்டறைக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"இன்னாம்மா, புகை இன்னும் நிக்கலயே. நின்ன எடத்துல ஓடுனா வெள்ளையா கெளம்புது, கண்ணெல்லாம் எரியுது. ஆனா ஒண்ணு, வண்டி ஆயில் குடிக்கல. காலைல ஆயில் கம்பிய உருவிப் பார்த்தேன், மேல் கோட்டையும் தாண்டி நிக்குது."

சோப்பு நுரையோடு அவள் கை அப்படியே நின்றது.

"நீங்க ஆயில் ஊத்தினீங்களாண்ணா?"

"நான் எங்க ஊத்தினேன்? நீ மாட்டிக் குடுத்து நாலு நாள்தான ஆவுது."

என்ஜினில் ஆயில் குறையலாம். ஊற்றாமல் ஏறாது. ஏறியிருக்கிறது என்றால் ஆயிலோடு டீசல் கலக்கிறது. டீசல் எங்கிருந்து ஒழுகுகிறது என்பதும் தர்மவதிக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அண்ணா, வண்டிய ஒடனே ஆஃப் பண்ணுங்க. இப்பவே."

"ஆஃப் பண்ணா திரும்ப எடுக்காதும்மா, செல்ஃப் மோட்டார் மக்கர் பண்ணுது. அடி அண்ணாமலைல அன்னதானப் பந்தலாண்ட நிக்கிறேன். காலைலருந்து ஓட்டத்துலயேதான் வெச்சிருக்கேன். தண்ணி கேனு, அரிசி மூட்டையெல்லாம் எறக்கிட்டு இருக்காங்க. எறக்குனதும் கெளம்பச் சொல்லி போலீசு…"

அதற்கு மேல் குரல் விட்டு விட்டு வந்தது. பிறகு அறுந்தே போனது. அவள் நான்கு முறை கூப்பிட்டாள். பௌர்ணமிக் கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தில் மலையைச் சுற்றி எந்த போனும் ஒழுங்காக எடுப்பதில்லை.

தர்மவதிக்கு நாற்பத்து மூன்று வயது. ஆரணிப் பக்கத்து நயினார், அதாவது தமிழ்ச் சமணக் குடும்பம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். வேலூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருடம் லாரிகளின் டீசல் பம்பும் இன்ஜெக்டரும் மட்டுமே பார்த்தாள். அந்த சென்டர் மூடப்பட்டபோது அங்கிருந்த பழைய சோதனை மேஜையை வாங்கி வந்து, வேங்கிக்கால் தாண்டி வேலூர் ரோட்டில் சொந்தமாகப் பட்டறை போட்டாள். முதல் வருடம் டிரைவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "மேஸ்திரி இல்லீங்களா?" என்று கேட்டார்கள். இப்போது செங்கம், போளூரிலிருந்தெல்லாம் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டே வருகிறார்கள்.

மாறன் கீழ்பென்னாத்தூர்க்காரர். ஒரே லாரி. அவரே ஓனர், அவரே டிரைவர். ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றி வருவார். வெறும் வண்டியே மேட்டில் திணறுகிறது, பெரிய துளை வைத்த நாசில் போட்டால் நன்றாக இழுக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான்கு நாளைக்கு முன் ஆறு இன்ஜெக்டருக்கும் நாசில் மாற்றித் தரச் சொல்லி வந்து நின்றார்.

இன்ஜெக்டரின் நுனியில் இருக்கும் சிறு மூக்குதான் நாசில். டீசலைப் பனி மாதிரி தூவிவிட்டு, சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். மூடிய பிறகு நுனி காய்ந்திருக்க வேண்டும். புது நாசில் போட்ட இன்ஜெக்டர்களை தர்மவதி கையால் அழுத்தும் கருவியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஐந்து சுத்தமாக இருந்தன. ஆறாவதில் ஒரு துளி கட்டியது. கழற்றி, உள்ளே துளையை மூடும் ஊசியைத் துடைத்து, மறுபடி வைத்தாள். துளி மெதுவாக வந்தது, ஆனால் வந்தது.

வேறு நாசில் போடாமல் அந்த இன்ஜெக்டரை மாட்டக் கூடாது. சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். வெளியே மாறன் ஸ்டூலை விட்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

"பௌர்ணமிக்கு அன்னதான லோடு ஒத்துக்கிட்டேம்மா, நாளைலருந்தே மூட்டை ஏத்தணும். சாமி காரியம். இன்னைக்கே முடிச்சிக் குடு."

ஓட ஓட ஊசி சரியாக உட்கார்ந்து துளை மூடிவிடும் என்று தர்மவதி தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஆறாவதையும் மாட்டினாள். சில சமயம் அப்படி உட்காரவும் செய்யும். வண்டியை எழுப்பியதும் புகைப்போக்கியில் வெண்புகை சுருண்டு வந்தது. "இன்னாம்மா இது?" என்று மாறன் கேட்டார். "புது நாசில்தான, நாலு நாள் ஓடட்டும், நின்னுடும்" என்று அவரைப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

இப்போது அவள் ஸ்கூட்டரின் பெட்டியில் ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் போட்டுக்கொண்டு, பட்டறையைப் பூட்டாமலேயே கிளம்பினாள்.

வேலூரில் பார்த்த ஒரு காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. டீசல் என்ஜினுக்கு எரிய ஏதாவது ஒரு எண்ணெய் போதும். ஆயிலில் டீசல் கலந்து அளவு ஏறினால், அந்த நீர்த்த ஆயில் ஆவியாகக் காற்றுக் குழாய்க்குள் போகும். என்ஜின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு வேகமெடுக்கும். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். வேலூரில் அப்படி ஓடிய என்ஜின் ஒன்று வெடித்து, இரும்புத் துண்டு கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு போனது. அன்று கீழே யாரும் இல்லை. இன்று மாறனின் லாரியைச் சுற்றி ஆயிரக்கணக்கான பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

காஞ்சி ரோட்டில் கிரிவலப் பாதை சேரும் இடத்தில் இரும்புத் தடுப்பு போட்டிருந்தார்கள். கான்ஸ்டபிள் கையைக் காட்டினார்.

"வண்டி போவாதுங்க. அப்படி ஓரமா விடுங்க."

"சார், அடி அண்ணாமலைல ஒரு லாரி நிக்குது, அதுல கோளாறு. நான் மெக்கானிக்கு. அத நிறுத்தலன்னா என்ஜின் வெடிச்சிடும் சார்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க மெக்கானிக்கா?"

பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. ஸ்கூட்டரை அங்கேயே சாய்த்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரையும் ஸ்பேனரையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

மலையை வலமாக வருகிறவர்கள் எல்லோரும் எதிரே வந்தார்கள். வெறுங்காலோடு முதியவர்கள், குழந்தையைத் தோளில் ஏற்றியவர்கள், கைகோத்து வரும் கல்லூரிப் பெண்கள். தர்மவதி அவர்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடினாள். "ஏம்மா, எதிர்ல வர்றியே" என்று ஒருவர் கடிந்துகொண்டார். வெயிலில் தார் கொதித்தது. செருப்பின் வார் அறுந்தது. அதை உதறிவிட்டு ஓடினாள். வழியில் இரண்டு முறை மாறனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி போகவே இல்லை.

பந்தல் தெரிவதற்கு முன்பே புகை தெரிந்தது. மரங்களுக்கு மேல் வெள்ளையாகப் பரவி நின்றது. சத்தத்தையும் கேட்டாள். அது ஒரே சீராக இல்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

லாரி பந்தலை ஒட்டி, மூக்கைப் பாதைப் பக்கம் நீட்டி நின்றிருந்தது. கேன்கள் எல்லாம் இறங்கிவிட்டன. மாறன் கிளம்புவதற்காக ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தார்.

"மிதிக்காதீங்கண்ணா!" என்று தர்மவதி கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை.

அவர் காலை எடுத்த பிறகும் வேகம் இறங்கவில்லை. சத்தம் உறுமலாகி, உறுமல் ஊளையாகியது. புகைப்போக்கியிலிருந்து புகை சுவர் மாதிரி எழுந்து பந்தலை மூடியது. யாரோ "தீ! தீ!" என்று கத்த, சாப்பாட்டு வரிசை சிதறியது. தண்ணீர் பாட்டில் கூடை ஒன்று கவிழ்ந்து உருண்டது. பாதையில் வந்தவர்கள் என்னவென்று தெரியாமல் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முட்டி, லாரியின் முன்னால் கூட்டம் இறுகியது.

தர்மவதி கேபின் படியில் தாவி ஏறினாள். மாறன் சாவியைக் கையிலேயே பிடுங்கி வைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நிக்கலம்மா! சாவி எடுத்துட்டேன், நிக்கல!" என்றபடி கியரில் கை வைத்தார். "டாப் கியர் போட்டு, பிரேக்க மிதிச்சி கிளட்ச விட்டா அடங்கிடும்!"

அது டிரைவர்கள் செய்வதுதான். அடங்கவும் கூடும். அடங்காமல் வண்டி ஒரு முழம் பாய்ந்தாலும் முன்னால் இருக்கிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் போவார்கள்.

"கியர் போடாதீங்க!" அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். "முன்னால ஜனம். ஹேண்ட் பிரேக்க மட்டும் புடிச்சிக்குங்க. காத்த அடைக்கணும். நான் பின்னால போறேன்."

இறங்கியபோது எதிரே பந்தலை நடத்தும் உண்ணாமலை நின்றாள். ஐம்பது வயதுப் பெண், கையில் கரண்டி.

"அக்கா, எல்லாரையும் தள்ளி ஓட்டுங்க! லாரி பக்கத்துல ஒருத்தரும் நிக்கக் கூடாது. ஒரு சில்வர் தட்டு குடுங்க, பெருசா. ஒரு ஈரச் சாக்கு!"

ஏன் எதற்கு என்று உண்ணாமலை கேட்கவில்லை. அடுக்கிலிருந்து தாம்பாளம் ஒன்றை உருவிக் கொடுத்தாள். அரிசிச் சாக்கை அண்டாத் தண்ணீரில் முக்கி, லாரியின் மேல் எறிந்தாள். பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்தை நோக்கி ஓடினாள். அவள் குரல் என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

கேபினுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு மேலே, காற்றுக் குழாயின் வாய் ஒரு மூடி போட்டு இருந்தது. தர்மவதி சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். இரும்பெல்லாம் அதிர்ந்தது. மூடியை இறுக்கியிருந்த பட்டையின் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தாள். அதிர்வில் நழுவியது. மறுபடி வைத்தாள். நழுவி இடது உள்ளங்கையில் குத்தியது. ரத்தத்தைப் பார்த்தாள், வலி தெரியவில்லை. கீழே ஏதோ ஒன்று உலோகத்தில் உலோகம் தட்டுகிற சத்தத்தோடு இடிக்கத் தொடங்கியது. இன்னும் அதிக நேரம் இல்லை என்று அந்தச் சத்தம் சொன்னது.

மூன்றாவது முறை திருகு சுழன்றது. மூடியைப் பிடுங்கி எறிந்தாள். குழாயின் வாய் புஸ்ஸென்று உறிஞ்சியது. அவள் முந்தானை நுனி அதை நோக்கி இழுபட்டது. தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தாள். அது தானாகவே கவ்விக்கொண்டு ஒட்டியது. விளிம்பில் காற்று சீறியது. ஈரச் சாக்கை அதன் மேல் போட்டு, முழங்கையால், மார்பால், உடம்பின் பாரம் முழுவதையும் வைத்து அழுத்தினாள்.

ஊளை திணறியது. இறங்கியது. வண்டி முழுவதும் ஒரு முறை குலுங்கி நின்றுவிட்டது.

அந்த அமைதியில் முதலில் கேட்டது தூரத்து உடுக்கைச் சத்தம். பிறகு ஒரு குழந்தையின் அழுகை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஓடும்போது விழுந்த ஒரு முதியவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

மாறன் இறங்கிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உண்ணாமலை தர்மவதியின் உள்ளங்கையில் துணியைச் சுற்றினாள்.

"அண்ணாமலையாருதான் ஒன்ன அனுப்பிச்சாரு" என்றாள். சுற்றி நின்ற பலர் தலையாட்டினார்கள். ஒருவர் கும்பிட்டார். மாறனும் நிமிர்ந்து பார்த்து, "நீ வரலன்னா இன்னா ஆயிருக்கும்மா" என்றார். கண்களில் நீர் இருந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். பழைய வண்டி, என்ஜின் கோளாறு என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். தர்மவதி அவருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, தப்பு என்னுது. ஆறாவது நாசில் ஒழுகுச்சு. மாட்டும்போதே எனக்குத் தெரியும்."

மாறன் புரியாதவர் மாதிரி பார்த்தார்.

"தெரிஞ்சா மாட்டின?"

"ஆமாண்ணா."

"புகை இன்னான்னு கேட்டேனே. நின்னுடும்னு சொன்னியே."

மாறன் எழுந்து, பந்தலின் அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உண்ணாமலை மட்டும் சுற்றிக்கொண்டிருந்த துணியை முடிச்சுப் போட்டு முடித்தாள்.

கூட்டம் குறைந்து லாரியை இழுத்துக்கொண்டு போக மறுநாள் ஆகும் என்று போலீஸ் சொன்னது. தர்மவதி வீடு சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் சாப்பிடுவதில்லை. கணவர் ஜினசேனன் கையைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னாள். அவர் துணியை அவிழ்த்துக் காயத்தைப் பார்த்தபடி, "அவர் வண்டிய முதல்ல சரி பண்ணு" என்றார்.

என்ஜினைப் பிரித்தபோது இரண்டு பிஸ்டன்கள் தேய்ந்து கீறல் விழுந்திருந்தன, காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ உடைந்திருந்தது. தசரதன் என்ற என்ஜின் ஃபிட்டரோடு சேர்ந்து தர்மவதி ஒன்றரை மாதம் அந்த வண்டியில்தான் வேலை செய்தாள். வேறு வண்டி எதையும் எடுக்கவில்லை. மாறன் வாரம் ஒரு முறை வருவார், தசரதனிடம் மட்டும் பேசுவார். பெரிய துளை வேண்டாம், கம்பெனி அளவே போதும் என்றும் அவரிடமே சொன்னார். வண்டி தயாரான காலையில், குளிர்ந்த என்ஜினை எழுப்பி அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, புகைப்போக்கியின் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தார். துணி நனையவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

தை மாதம் லாரி உரிமையாளர் சங்கக் கூட்டம் நடந்தது. பெரிய நாசில் மாட்டுவது பற்றி யாரோ பேச்செடுத்தபோது தர்மவதி எழுந்து, அன்று நடந்ததைத் தன் பெயரைச் சொல்லியே சொன்னாள். நின்ற இடத்தில் வரும் வெண்புகையை யாராவது 'நின்னுடும்' என்று சொன்னால் நம்பாதீர்கள், ஆயில் கம்பியைத் தினமும் பாருங்கள் என்றாள். பக்கத்தில் இருந்த பட்டறைக்காரர் அவள் காதோரம், "இதையெல்லாம் ஏம்மா வெளிய சொல்ற, வர்ற வண்டியும் வராது" என்றார். அவர் சொன்னது நடந்தது. இரண்டு மூன்று பேர் அதன் பிறகு வரவில்லை.

கூட்டத்தின் கடைசி வரிசையில் மாறன் இருந்ததை அவள் பார்க்கவில்லை. மறுநாள் காலை அவரே போன் செய்தார்.

"நேத்து பேசினது சரி" என்றார். "ஆனா எனக்கு இன்னும் கோவம் போவல."

"போவ வேணாம்ணா" என்றாள் தர்மவதி.

"ம்" என்றார். "மச்சான் வண்டி ஒண்ணு புகையுது. நாளைக்கு அனுப்புறேன். எத்தினி நாள் ஆனாலும் வெச்சிப் பாரு."