சட்டைப் பையில் ஃபியூஸ்

கழற்றிய ஃபியூஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்ட பிறகுதான் அந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் கால் வைப்பார். "ஐயோ, ஃப்ரிட்ஜ்ல பால் இருக்கே!" என்று வேலைக்குப் போன வீட்டின் அம்மா பதறினால், "பால் கெட்டா வேற வாங்கலாம்மா. நான் போனா?" என்று மேலிருந்து சீறுவார். கட்டை அவர் பையில் இருக்கும்வரை யாரும் மின்சாரத்தைப் போட்டுவிட முடியாது. அப்படியும் மனசு கேட்காது. கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்ப்பார், புறங்கையால் தட்டிப் பார்ப்பார், மறுபடி டெஸ்டர். தெருவில் அவருக்குப் பெயரே டெஸ்டர்தான்.

நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போவார். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். மருந்துக்கடைக்காரர் "நல்ல மாத்திரை சார்" என்றால், "நீ சாப்பிட்டுப் பாத்தியா?" என்பார். மனைவி கண்ணை மூடிக்கொண்டு, சாப்பாட்டை ஆசீர்வதிக்கச் சொல்லி ஜெபம் பண்ணும்போது, "உப்பு பாத்துட்டியா?" என்று குறுக்கே கேட்ட புண்ணியவான். அந்த அம்மாளின் பொறுமை யாருக்கும் வராது.

பிறக்கும்போதே இப்படி இல்லை. ஒரு காலத்தில் ஆலயத்தில் முன் பெஞ்சில் நின்று தொண்டை கிழியப் பாடியவர். தொழிலுக்கு மனைவியின் தம்பியைத் துணைக்கு வைத்திருந்தார். ஒருநாள் ஒரு பெரிய கடையில் வேலை. ஏணியைத் தள்ளிப் போடுவதற்காக இவர் கீழே இறங்கினார். அதைப் பார்த்த மச்சான், வேலை முடிந்தது என்று தானாகவே முடிவு கட்டி, உள்ளறைக்குப் போய் ஃபியூஸைச் செருகிவிட்டான். அதற்குள் இவர் மறுபடி ஏறிக் கம்பியைப் பிடித்திருந்தார். உயிர் தப்பியது. இடது கையில் இரண்டு விரல்கள் கருகி, இன்றுவரை மடங்காமல் விறைத்து நிற்கின்றன.

மச்சான் காலில் விழுந்து அழுதான். "போடா" என்றார். அதோடு பேச்சு நின்றது. அவனோடு மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை, "அவன்தான் பாக்கலை, மேல இருக்கிறவருக்குக் கண்ணு எங்க போச்சு?" என்று கடவுளோடும் டூ விட்டார். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியை ஆலய வாசலில் இறக்கிவிட்டு, வண்டியில் சாய்ந்து நிற்பதோடு சரி. போதகர் வெளியே வந்து நம்பிக்கையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினால் போதும், பொரிந்து தள்ளிவிடுவார்.

"சந்தேகப்பட்ட சீடனுக்கு ஆண்டவர் தன் காயத்தைக் காட்டினாரு. தொட்டுப் பாருன்னாரு. எனக்கு? என் காயத்தைத்தானே நான் தினமும் பாத்துட்டிருக்கேன்?"

கோபம் நியாயமானதுதான். அவர் தோளைத் தட்டி வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்லிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. மனைவி மட்டும் ஆறுதல் சொன்னதில்லை. "எத்தனை வருஷம் என்கிட்டயே கத்துவீங்க? நம்பலைன்னா நம்பலைன்னு அவர்கிட்டயே போய்ச் சொல்லுங்க. எனக்குக் காது வலிக்குது" என்றாள்.

போன மழையில் ஆலயத்து விளக்குகள் அத்தனையும் அணைந்து அணைந்து எரியத் தொடங்கின. போதகர் கூப்பிட்டனுப்பினார். முணுமுணுத்துக்கொண்டே ஏணியோடு வந்தார். வழக்கம்போல் ஃபியூஸ் பைக்குள் போயிற்று. ஆனால் எந்த இணைப்பில் கோளாறு என்று பிடிபடவில்லை. இவர் மேலே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கீழே ஒருவர் வாசல் சுவரிலுள்ள மெயின் போர்டு அருகே நின்று, சொல்லும்போது ஃபியூஸைப் போட்டு, சொல்லும்போது எடுக்க வேண்டும். பையில் வைத்துக்கொண்டு ஆகிற வேலையில்லை.

"நான் நிக்கிறேனே" என்றார் போதகர்.

"வேண்டாங்கய்யா. நீங்க நடுவுல கண்ணை மூடிடுவீங்க."

வேறு ஆள் என்று பார்த்தால், கடைசி பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த மச்சான் மட்டும்தான். துணியும் கையுமாக அப்படியே நின்றான். இவர் முகம் சிவந்தது. பீடத்துப் பக்கம் திரும்பி, ஆலயம் அதிரக் கத்தினார்.

"கேக்குதா உமக்கு? எனக்கு உம்ம மேல நம்பிக்கை இல்ல. இவன் மேல துளிகூட இல்ல. இவனையா கொண்டுவந்து நிறுத்துவீர்? வேற ஆளே கிடைக்கலையா?"

கத்திக் கத்தி மூச்சு வாங்கியவர், குரல் உடைந்து, "எனக்குப் பயமா இருக்கு ஆண்டவரே. பிடிச்சுக்கும்" என்றார். விரல்களைச் சரியாக்கித் தரும்படிகூடக் கேட்கவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு ஜெபம் பண்ணியிருக்கிறோம் என்பது அவருக்கே சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி, மச்சான் பக்கம் திரும்பினார். "சொன்னாதான் போடணும். நான் இறங்கினாலும் போடக் கூடாது. விளங்குச்சா?"

"சரி மாமா."

அவன் உள்ளங்கையில் ஃபியூஸ் கட்டையை வைத்து அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறினார்.

"மாமா, டெஸ்டரை பெஞ்சுலயே வெச்சுட்டீங்க!"

"நீதான் நிக்கிறியேடா!" என்று கோபம் குறையாமல் கத்தியவர், மடங்காத அந்த இரண்டு விரல்களைக் கம்பியை நோக்கி நீட்டினார்.