மணவாளன் மாட்டிய கண்ணாடிக் கிண்ணம்

கண்ணாடி விளக்கை உடைக்காமல் இறக்குவதில் மேனாம்பேடு கமலத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சூரியனையே வாரம் ஒருமுறை கழற்றிச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கீறல் விழாமல் திரும்ப மாட்டுகிறவள் அவள்தான். மாடி வீட்டு ரேஷ்மா இப்படித்தான் சனிக்கிழமை முழுக்கத் தெருவில் அளந்துவிட்டிருந்தாள். கமலம் அதுவரை ஒரு குண்டு பல்பைக்கூடக் கழற்றியதில்லை.

கமலத்துக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைக்கிற வேலை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிய அவள் புருஷன் மணவாளன், சித்திரையில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. கூடத்து விளக்கின் கண்ணாடிக் கிண்ணம் அவன் தன் கையால் மாட்டியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். எரிகிற விளக்கை வாசல் சுவிட்சில் இரண்டு முறை அணைத்துப் போடுவான். அடுப்படியில் இருப்பவளுக்கு அதுதான் சேதி.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுப் பொழுது போகாமல் கிடந்த ரேஷ்மாவுக்கு வைகாசியில் ஒரு குறும்பு தோன்றியது. மாடிப்படிக்குக் கீழே பதுங்கி, மணவாளன் மாதிரியே கமலம் வீட்டு மெயின் சுவிட்சை இரண்டு முறை அணைத்துப் போட்டாள். அலறல் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டியா? மூஞ்சி கழுவினு வா, காபி போடறேன்" என்றது உள்ளேயிருந்த குரல்.

ரேஷ்மா சத்தமில்லாமல் மாடிக்கு ஓடிவிட்டாள். மறுநாளும் போய் அணைத்துப் போட்டாள். பிறகு விட முடியவில்லை.

ஐப்பசி மழையில் தளம் ஒழுகி, கிண்ணத்தில் பாதிக்குத் தண்ணீர் நின்றது. வீட்டுக்காரர் கங்காதரன் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா கமலம், மீன் வளக்கப் போறியா? ஷாக் அடிச்சா நான்தான் ஸ்டேஷனுக்குப் போவணும். கழட்டிட்டு டியூப் லைட் மாட்டு."

"வேற யாரும் கை வைக்க வேணாம். நானே எறக்கறேன்" என்றாள் கமலம்.

விளக்கு போய்விட்டால் இவள் யாரோடு பேசுவாள் என்று ரேஷ்மாவுக்குக் கவலை.

ஞாயிற்றுக்கிழமை காலை கமலம் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, "மெயினை அணைச்சிட்டு வா" என்றாள். ரேஷ்மா ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். கமலம் டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொண்டாள். மூன்று திருகாணி. ஒன்றை மட்டும் முழுக்கத் தளர்த்தினால் கிண்ணம் சரிந்துவிடும் என்று மூன்றையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். இடது உள்ளங்கை கிண்ணத்தின் அடியை விட்டு நகரவில்லை. துருத்தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து ஜாக்கெட்டை நனைத்தது. கூடவே ஈசல் இறக்கைகள்.

"அவசரப்படாத, உன்ன உட்டுட மாட்டேன்" என்று கிண்ணத்திடம் முணுமுணுத்தாள். ரேஷ்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிண்ணம் முழுசாக இறங்கியது. கமலம் தரையில் உட்கார்ந்து, மணவாளனின் காக்கிச் சட்டையால் அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"படிக்கட்டுக்குக் கீழ நாலு மெயின் கீது. ஒண்ணுலயும் பேர் எழுதல. இருட்டு வேற. எது என்னுதுன்னு கேக்காமயே போய் அணைச்சிட்டு வந்துட்டியே?"

ரேஷ்மா ஸ்டூலை ஓரமாக இழுத்தாள். "சும்மா... ஒரு குத்துமதிப்பா..."

"குத்துமதிப்புதான். நீ அணைச்சா ஃபேனும் சேந்து நிக்கும்டி. உங்க மாமா லைட்ட மட்டுந்தான் அணைப்பாரு."

"தெரிஞ்சேவா பேசினு இருந்த, அத்தே?"

"பாவம், கீழ எறங்கி வர்றியேன்னு உட்டுட்டேன்." கமலம் கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ஆடி மாசம் கூழ் ஊத்த நீங்கல்லாம் திருவேற்காடு போயிருந்தீங்க. அன்னைக்கும் ரெண்டு வாட்டி அணைஞ்சுது. ஃபேன் பாட்டுக்கு ஓடினு இருந்துது. மழையும் இல்ல, இதுல தண்ணியும் இல்ல. அது யாரு?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் ரேஷ்மா, விளக்கு இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாள். கமலம் துடைப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தாள்.